டபிள்யூ-34/70 லாகர் ஈஸ்ட்: தனி ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படி வேலை செய்கிறது

வீட்டில் லாகர் பீர் (குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டுத் தெளியவைக்கும் வகை) போடலாமா என்று கேட்டால் முதலில் வரும் பதில், "அதற்குத் தனி ஃபிரிட்ஜ் வேண்டும், டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வேண்டும்" என்பதுதான். பாதிப் பேர் அதோடு ஆசையை விட்டுவிட்டு, அறைச் சூட்டிலேயே நொதிக்கும் எய்ல் பீர் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த ஃபிரிட்ஜுக்கு ஆகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஈஸ்ட்டில் போட்டால் போதும். ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் சாஃப்லாகர் டபிள்யூ-34/70 உலர் ஈஸ்ட், சரியான அளவில், ஒரு தண்ணீர் டப், ஃபிரீசரில் உறைய வைத்த சில பாட்டில்கள். இவ்வளவு இருந்தால் தெளிவான, வாய்க்குச் சுத்தமான லாகர் வரும். எங்கே வரும், எங்கே வராது, பாக்கெட்டை எப்படிப் பயன்படுத்தினால் கெட்டுப்போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டம். பிரிட்டனில் வீட்டுக்காகப் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்கு மட்டும் போடலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். அங்கே இருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. அனுமதி உள்ள நாடுகளிலும் விற்கக் கூடாது.

இது என்ன ஈஸ்ட்

ஜெர்மனியில் மியூனிக்குக்கு வடக்கே ஃப்ரைசிங்கில் உள்ள வைஹென்ஸ்டெஃபான் ஈஸ்ட் வங்கியின் எண்தான் 34/70. உலகெங்கும் பெரிய ஆலைகள் லாகருக்குப் பயன்படுத்தும் ரகம் இது. லாகர் ஈஸ்ட் என்பதே ஒரு கலப்பினம். ரொட்டிக்கும் எய்லுக்கும் போடும் ஈஸ்ட் ஒரு பெற்றோர். குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட் ஒன்று இன்னொரு பெற்றோர். அந்தக் காட்டு ஈஸ்ட்டைப் பற்றி 2011-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் கண்டுபிடித்தார்கள். குளிரில் வேலை செய்யும் குணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்யக் கூடியது. குளிர் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதில்லை. வெப்பம் ஏறினால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும், அப்போது பழவாசம் தரும் எஸ்டர்களும் தொண்டையில் சுடும் கனமான ஆல்கஹால்களும் கூடும். எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு கூடும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். டபிள்யூ-34/70-இன் சிறப்பே இந்த இடத்தில் காட்டும் பொறுமைதான். ஃபெர்மென்டிஸ் சொல்லும் வரம்பு 12 முதல் 18 டிகிரி. 14-இல் போட்டதற்கும் 16-இல் போட்டதற்கும் வாசத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே நிறுவனத்தின் எஸ்-23 ரகம் அப்படியல்ல, பழவாசம் சீக்கிரம் தலைகாட்டும். விலை கிட்டத்தட்ட ஒன்று என்பதற்காக அதை மாற்றாக வாங்க வேண்டாம்.

இன்னொரு நல்ல குணம், வேலை முடிந்ததும் அடியில் கெட்டியாகப் படியும். வடிகட்டி இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி. சர்க்கரையை 80 முதல் 84 சதவீதம் வரை தின்றுவிடும், ஆகவே பீர் வறண்டு, லேசாக முடியும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு தூக்கலாக வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

பாக்கெட் அளவு: குறைபாடு இங்கேதான்

ஒரு பாக்கெட்டில் 11.5 கிராம். கடைகளில் "20 லிட்டருக்கு ஒரு பாக்கெட்" என்று சொல்லி விற்பார்கள். எய்லுக்கு அது சரி. லாகருக்கு ஃபெர்மென்டிஸ் தரும் அளவு 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம். அதாவது லிட்டருக்கு 0.8 முதல் 1.2 கிராம். 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட் போட்டால் லிட்டருக்கு 0.57 கிராம்தான் விழும். தேவையில் பாதி.

குறைந்தால் என்ன ஆகும் என்பது தயிர் தோய்க்கும் எவருக்கும் தெரியும். குளிர்காலத்தில் உறை மோர் ஒரு சொட்டு மட்டும் விட்டால் பால் தோய்வதற்குள் வேறு வாடை வந்துவிடும். இங்கும் அதுதான் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்த ஈஸ்ட் முதலில் பெருகிப் பெருகி ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது. எஸ்டரும், வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலும் பெரும்பாலும் அந்தப் பெருக்கத்தின்போதுதான் உருவாகின்றன. 20 லிட்டருக்கு இரண்டு பாக்கெட் போட்டால் அந்தப் பெருக்கம் குறைகிறது. இரண்டு டிகிரி கூடுதல் வெப்பத்தையும் பீர் தாங்கிவிடுகிறது. ஃபிரிட்ஜ் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அந்த இரண்டாவது பாக்கெட் செய்கிறது.

இரண்டு பாக்கெட் செலவு அதிகம் என்று தோன்றினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 10 லிட்டர் மட்டும் போடுவது. ஒரு பாக்கெட் அதற்கு லிட்டருக்கு 1.15 கிராம், அச்சாகப் பொருந்தும். 18 லிட்டர் பாத்திரமும் சாதாரண சமையலறை அடுப்பும் போதும். இன்னொன்று, முதல் 10 லிட்டரின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எடுத்து அடுத்த 20 லிட்டருக்கு உறை ஊற்றுவது. சிக்கனம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பீரை வடித்த அன்றே, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கலக்கி, கிருமிநீக்கம் செய்த கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மூடியை இறுக்காமல் சமையலறை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். 10 லிட்டரின் வண்டல் முழுவதும் அடுத்த 20 லிட்டருக்குப் போகும். 20 லிட்டரின் வண்டலில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த 20 லிட்டருக்குப் போதும். நான்கைந்து தடவைக்குப் பிறகு புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்வது நல்லது. கறுப்பு பீரிலிருந்தோ கடும் கசப்பு பீரிலிருந்தோ வண்டல் எடுத்து வெளிர் லாகருக்குப் போடக் கூடாது.

ஒரு நுணுக்கம்: உலர் ஈஸ்ட்டைப் பாக்கெட்டிலிருந்து நேரே தூவும்போது வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில்) காற்றேற்ற வேண்டிய அவசியம் இல்லை, அதற்குத் தேவையான சேமிப்பு அதன் உடலிலேயே இருக்கிறது. வண்டலில் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும். ஆகவே வண்டல் ஊற்றும்போது மட்டும் வாளியை மூடி இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். இதைச் செய்யாமல், "இரண்டாவது தடவை பாதியில் நின்றுவிட்டது" என்று ஈஸ்ட்டைக் குறை சொல்பவர்கள் நிறைய.

வாங்கும்போது பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். செங்கல் போல விறைப்பாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் வேண்டாம். 500 கிராம் பெரிய கட்டி கிராம் கணக்கில் மலிவுதான். திறந்தால் ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரே வாரத்தில் போடுவதாக இருந்தால் ஒழிய வாங்க வேண்டாம்.

டப்பும் பனிக்கட்டியும்

தேவையானது: 70 அல்லது 75 லிட்டர் கொள்ளளவுள்ள, தோட்ட வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் டப், நொதிக்க வைக்கும் 25 லிட்டர் வாளி, ஒன்றரை லிட்டர் குளிர்பான பாட்டில் எட்டு, பழைய போர்வை, மீன்தொட்டிக்கு விற்கும் மிதக்கும் தெர்மாமீட்டர். வாளியை டப்புக்குள் வைத்து, வாளிக்குள் பீர் நிற்கும் மட்டம் வரை வெளியே தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் வாளி மிதந்து சாயும். எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் வரும், ஆகவே எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே நிரப்புங்கள்.

இந்த ஏற்பாடு ஏன் வேலை செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். தொடக்க அடர்த்தி (ஈஸ்ட் போடுமுன் உள்ள சர்க்கரை அளவைக் காட்டும் எண்) 1.046 உள்ள 20 லிட்டர் பீர், முழுவதும் நொதித்து முடியும்போது ஏறத்தாழ 900 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும். வெளியே போக வழியே இல்லாவிட்டால் அது பீரை 11 டிகிரி சூடாக்கிவிடும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் உறைந்திருக்கும் 1.2 கிலோ பனி உருகி 14 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 470 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். அதாவது ஈஸ்ட் உண்டாக்கும் சூடு முழுவதையும் இரண்டே பாட்டில் தின்றுவிடும். மீதிப் பாட்டில்கள் அறையின் சூட்டோடு போராடத்தான் தேவைப்படுகின்றன. அதனால்தான் போர்வைக்கு இவ்வளவு முக்கியத்துவம். அறை 20 டிகிரி, பீர் 14 டிகிரி என்றால், போர்வை சுற்றிய டப்புக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு பாட்டில் ஆகும். சுற்றாமல் விட்டால் அதைப் போல இரண்டு மடங்கு. டப்பின் பக்கங்களை மட்டும் அல்லாமல் அடியிலும் ஒரு அட்டைப் பலகையோ தெர்மோகோலோ போட்டு, மேலேயும் மூட வேண்டும்.

பீரும் தண்ணீரும் சேர்ந்து 60 லிட்டர் என்றால் ஒரு பாட்டில் மொத்தத்தையும் ஏறத்தாழ இரண்டு டிகிரி இறக்கும். ஆகவே ஒரே சமயம் நான்கைந்து பாட்டிலை அள்ளிப் போடாதீர்கள். ஈஸ்ட் திடீர்க் குளிரில் சுருண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். காலையில் ஒன்றோ இரண்டோ, இரவில் ஒன்றோ இரண்டோ. பாட்டிலில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் தண்ணீர் பிடித்து உறைய வைக்க வேண்டும், விரிய இடம் வேண்டுமே. தெர்மாமீட்டர் காட்டுவது டப் தண்ணீரின் சூடு. நுரை பொங்கும் நாட்களில் வாளிக்குள் அதைவிட ஒரு டிகிரி கூட இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டப் இல்லாமல், வாளிக்கு ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைப்பது இன்னும் மலிவான வழி. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம். அதே குறையும் உண்டு. மதுரை வெயிலில் சில்லென்று இருக்கும் பானை, சென்னையின் கடற்காற்றுப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. வறண்ட காற்றில் மூன்று நான்கு டிகிரி இறங்கும். ஈரக்காற்று உள்ள ஊரில் நம்ப முடியாது. துணியை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து, குழாயிலும் மூடியிலும் ஏறும்.

எந்த ஊருக்கு எது? லண்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை சூடாக்காத கராஜில் பனிக்கட்டியே தேவைப்படாது. அங்கே ஆபத்து இரவுக் குளிர். டப் தண்ணீர்தான் அங்கே காவல். 60 லிட்டர் நிறை ஓர் இரவில் சட்டென்று இறங்காது. 10 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் மீன்தொட்டி ஹீட்டர் ஒன்றை டப்பில் போட்டுவிடலாம். டொராண்டோ பேஸ்மென்ட்டின் தரைமூலை குளிர்காலத்தில் 15, 16 டிகிரியில் நிற்குமானால் வெறும் டப்பே போதும். மெல்போர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் இதற்குக் காலம். சிங்கப்பூரில் 29 டிகிரி அறையில் இந்த ஈஸ்ட்டை டப்பில் வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாளுக்குப் பத்துப் பாட்டிலுக்கு மேல் மாற்ற வேண்டிவரும், அதற்குச் சமையலறை ஃபிரீசர் ஈடுகொடுக்காது. அங்கே வேறு ஈஸ்ட் வேண்டும், கீழே வருகிறது.

ஒரு 20 லிட்டர் கணக்கு

இந்த ஈஸ்ட்டைச் சோதித்துப் பார்க்கச் சாதாரண பில்ஸ்னரே சரி, ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. பில்ஸ்னர் மால்ட் 4.2 கிலோ, அரைத்தது. 35 லிட்டர் பாத்திரத்தில் 27 லிட்டர் தண்ணீரை 68 அல்லது 69 டிகிரிக்குச் சூடாக்கி, துணிப்பையில் மால்ட்டைப் போட்டு, கட்டி தட்டாமல் கிளறினால் 65, 66-இல் வந்து நிற்கும். போர்வை சுற்றி ஒரு மணி நேரம். பையைத் தூக்கி வடியவிட்டு, திறந்தபடி ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க வேண்டும். மூடி போடாதீர்கள், பில்ஸ்னர் மால்ட்டில் உள்ள கந்தகப் பொருள் ஆவியில் போகாவிட்டால் வேகவைத்த மக்காச்சோள வாடை பீரில் தங்கும். கொதி தொடங்கியதும், கசப்பும் வாசமும் தரும் பூவான ஹாப்ஸில் மேக்னம் ரகம் 15 கிராம், கடைசிப் பத்து நிமிடத்தில் சாஸ் ஹாப்ஸ் 25 கிராம். கசப்பு 25 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் வரும், தொடக்க அடர்த்தி 1.046, முடிவு 1.008 அருகே, ஆல்கஹால் 5 சதவீதம். மால்ட் அரைக்க, வடிக்க வசதி இல்லாதவர்கள் வெளிர் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 2.5 கிலோவை நேரே தண்ணீரில் கரைக்கலாம். நிறம் சற்று அடர்த்தியாக, முடிவு 1.010 பக்கம் வரும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆஸ்பத்திரி வாடை வரும். காம்ப்டன் மாத்திரை (குளோரினை நீக்கும் சல்ஃபைட் மாத்திரை) பாதியை நசுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஆற வைப்பதற்குச் செப்புச் சுருள் வாங்க வேண்டியதில்லை. கொதித்த பாத்திரத்தை மூடி, அதே டப்பில் 12 டிகிரி குழாய்த் தண்ணீர் 40 லிட்டர் விட்டு இறக்குங்கள். அடிக்கடி டப் தண்ணீரைக் கலக்கி, வெதுவெதுப்பானதும் மாற்ற வேண்டும். முதல் தண்ணீரில் 41 டிகிரி பக்கம் வரும், இரண்டாவதில் 22, மூன்றாவதில் 15. கோடையில் குழாய்த் தண்ணீர் 18 டிகிரி இருந்தால் மூன்றாவது தண்ணீரில் உறைந்த பாட்டில் மூன்றைப் போட வேண்டும், பாத்திரத்துக்கு வெளியேதான்.

வோர்ட் 15 டிகிரிக்கு வந்த பிறகே ஈஸ்ட். இதில் சமரசம் வேண்டாம். 25 டிகிரியில் தூவிவிட்டு, "பிறகு குளிரட்டும்" என்று விடுவதுதான் வீட்டு லாகர் கெடுவதற்கு முதல் காரணம். ஈஸ்ட் பெருகுவது முதல் ஒன்றரை நாளில். அந்த நேரத்துச் சூடுதான் பீரின் வாசத்தை எழுதுகிறது. இரவு ஆகிவிட்டதென்றால் கிருமிநீக்கம் செய்த வாளிக்கு மாற்றி, இறுக மூடி, டப்பிலேயே விட்டுக் காலையில் தூவுங்கள். பாக்கெட்டின் வெளிப்புறத்தையும் கத்தரியையும் கிருமிநீக்கியில் முக்கி எடுத்து, ஒரே இடத்தில் கொட்டாமல் மேற்பரப்பு முழுவதும் மாவு சலிப்பது போலத் தூவினால் கட்டி தட்டாது.

நாள் கணக்கு, தொந்தரவுகள்

14 டிகிரியில் முதல் நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். 24 மணி, சில சமயம் 36 மணி நேரம்கூட ஆகும். ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை மட்டும் வெளியே விடும் நீரடைப்பு) குமிழி விடவில்லை என்று பதறி அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். மூன்றாம் நாளில் வெண்ணுரை மேலே ஏறியிருக்கும். கூடவே அழுகிய முட்டை வாடை வரும். இந்த ரகத்துக்கு இது இயல்பு, கரியமில வாயுவோடு வெளியேறிவிடும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டியவர்கள் உண்டு, வீண்.

பனிக்கட்டி முதல் நான்கைந்து நாளுக்குத்தான். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.020 அருகே காட்டியதும் பாட்டில் போடுவதை நிறுத்தி, 18 முதல் 20 டிகிரி வரை தானாக ஏறவிட வேண்டும். கடைசியில் ஈஸ்ட் தன் டைஅசிட்டைலைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ள இந்தச் சூடு தேவை. குளிரிலேயே வைத்து எடுத்தால் வெண்ணெய் காய்ச்சும் வாடை பாட்டில் வரை வரும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து எண் மாறாமல் இருந்தால், வாடைச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் பீர். ஒன்றை மூடி, 60, 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறவிட்டு இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடு காட்டியதில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் வேலை பாக்கி இருக்கிறது, இன்னும் மூன்று நாள் விடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் பாட்டிலில் அடைக்கலாம். மொத்தம் 14 நாள் பக்கம் ஆகும்.

டப்பில் பனி போட்டுக் குளிரும்போது வாளிக்குள் காற்று சுருங்கி, ஏர்லாக்கில் இருப்பதை உள்ளே இழுக்கும். அதனால் அதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ வோட்காவோ மட்டும் விடுங்கள்.

மற்ற பாக்கெட்டுகள்

லாலிமான்ட்டின் நோவாலாகர் இதற்கு நேர்ப் போட்டி. 10 முதல் 20 டிகிரி வரை தாங்கும், முட்டை வாடை கிட்டத்தட்ட வராது, லிட்டருக்கு அரை கிராமிலிருந்தே போதும் என்பதால் 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட்டில் முடிக்கலாம். அறை 18-க்குக் கீழே இறங்காத வீட்டில் இதையே முதலில் வாங்கச் சொல்வோம். சுவையில் டபிள்யூ-34/70-இன் அந்த ரொட்டி மாதிரியான ஜெர்மன் முகம் இதில் கொஞ்சம் குறைவு. அதே லாலிமான்ட்டின் டயமண்ட் நல்ல ஈஸ்ட், ஆனால் 15-க்கு மேல் போகக் கூடாது, ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு. மாங்ரோவ் ஜாக்ஸ் எம்54, சான்ஃபிரான்சிஸ்கோவில் பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் உருவான கலிஃபோர்னியா லாகர் வழியைப் பின்பற்றுவது. 18 முதல் 20 டிகிரியில் போடலாம், அம்பர் நிற பீருக்கு அருமை, வெளிர் பில்ஸ்னருக்கு அவ்வளவு சுத்தம் இல்லை.

சிங்கப்பூர் போன்ற ஊருக்கு ஒமேகாவின் லூட்ரா. நார்வேயின் குவைக் குடும்பத்து ஈஸ்ட், 20 முதல் 35 டிகிரி வரை சுத்தமாக நொதிக்கும். உண்மையில் இது லாகர் ஈஸ்ட் அல்ல. கண்ணை மூடிக் குடித்தால் லாகரின் வறட்சி இருக்கும், மால்ட்டின் ஆழம் இருக்காது. 29 டிகிரி அறையில் டபிள்யூ-34/70 தருவதைவிட எவ்வளவோ மேல்.

அழுத்தப் பாத்திரத்தில் ஒரு பார் அழுத்தம் வைத்து 18, 20 டிகிரியில் போடும் முறையும் உண்டு. எஸ்டரை நன்றாக அடக்கும். அழுத்தம் தாங்கும் பாத்திரமும் வால்வும் வாங்கும் விலைக்குப் பழைய ஃபிரிட்ஜே கிடைத்துவிடும் என்பதால் சிக்கனக் கணக்கில் அது சேராது. சாதாரண வாளியையோ கண்ணாடி ஜாடியையோ இறுக அடைத்து இதைச் செய்து பார்க்கவே கூடாது, வெடிக்கும்.

பாட்டிலும் ஓய்வும்

லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பது என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஓய்வைத் தனி ஃபிரிட்ஜ் இல்லாமல் பாட்டிலுக்குள்ளேயே கொடுக்கலாம். 20 லிட்டருக்கு 120 கிராம் சாதாரண சர்க்கரையை ஒரு தம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, அடைக்கும் வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாயால் சத்தமில்லாமல் வடிக்க வேண்டும். சலசலவென்று விழுந்தால் காற்றுக் கலந்து, ஒரு மாதத்தில் ஈர அட்டை வாடை வரும். டீஸ்பூனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அளந்து போடுவது வேண்டாம். அரை லிட்டருக்கு வேண்டியது 3 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூனே அதற்கு மேல் வரும். கூடினால் கண்ணாடி தாங்காது. முதல் தடவை அரை லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைப்பது மலிவு, பத்திரமும்கூட. அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறியது தெரியும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாட்டில் என்றால் இருட்டில் வைக்க வேண்டும், வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறும்.

இரண்டு வாரம் 18 முதல் 20 டிகிரியில், பிறகு வீட்டிலேயே குளிரான மூலையில் ஒரு மாதம். அங்கிருந்து ஆறாறு பாட்டிலாகச் சமையலறை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, இரண்டு வாரம் அசைக்காமல் வைத்தால் கண்ணாடி போலத் தெளியும். ஓர் ஆறு குடித்து முடியும்போது அடுத்த ஆறு உள்ளே போகும். படுக்க வைக்காமல் நிறுத்தியே வையுங்கள்; ஈஸ்ட் அடியில் ஒரு நாணய அளவில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஒரே மூச்சில் தம்ளரில் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை பீரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.